தவழ்கிற பிள்ளை இருக்கிற வீடு: எதை முதலில் தூக்கி மேலே வைப்பது?

நடைவண்டி (மதுரை)

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள், கைக்குக் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்புகிறேன். உசிலம்பட்டியில் மாமியார் வீட்டில் இருக்கப்போகிறோம், பகலில் அத்தையும் மாமாவும்தான் பார்த்துக்கொள்வார்கள்.

பழைய வீடு. சாமி அலமாரி தரையோடு இருக்கும். அடுப்படி மேடைக்குக் கீழே கதவு கிடையாது. மாமாவின் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தூக்குவாளியில். இணையத்தில் தேடினால் மேசை மூலைக்கு ரப்பர், மாடிப்படிக்கு கேட், கமோடுக்குப் பூட்டு என்று ஏதோ வெளிநாட்டு வீட்டுப் பட்டியல் வருகிறது. அந்த வீட்டில் கமோடே கிடையாது!

நம்ம வீடுகளில் பிள்ளைகள் உண்மையில் எதைத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னால் அத்தை முகம் சுருங்கிவிடும். முக்கியமானது எது என்று தெரிந்தால் அதை மட்டும் முதலில் பேசிப் பார்ப்பேன்.

---

கடைசி_பெஞ்ச்

எங்க வீட்டுச் சின்னவன் செருப்பைத் தவிர வேறெதையும் விரும்பிச் சாப்பிட்டதில்லை. துண்டு போட்டு உட்காருகிறேன், விஷயம் தெரிந்தவர்கள் வரட்டும்.

---

வார்டு_அக்கா (ஈரோடு மாவட்டம்)

குழந்தைகள் வார்டில் பல வருஷமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, நர்ஸ். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

மண்டையோடு படம் போட்ட டப்பாவை யாரும் தரையில் வைப்பதில்லை. அதைத் தின்றுவிட்டு வருகிற பிள்ளைகள் குறைவு. வருவதெல்லாம் ஒன்று பாத்திரம் மாறினது, இல்லை, விஷம் என்று வீட்டில் யாருமே நினைக்காதது.

உங்கள் வீட்டில் நான் முதலில் கை வைப்பது சாமி அலமாரியில்தான் நடைவண்டி. கற்பூரம். கல்கண்டும் கற்பூரமும் ஒரே தட்டில் இருக்கும். தாத்தா கையால் கல்கண்டு வாங்கித் தின்று பழகிய பிள்ளைக்கு வெள்ளைக் கட்டி என்றாலே இனிப்பு. கிலோவுக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது கணக்கு. 10 கிலோ பிள்ளைக்கு 300 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உள்ளே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள், சில சமயம் சில நிமிஷத்திலேயே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வலிப்பு வரும். வீட்டில் காய்ச்சல் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவியைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். வாயை மோந்து பார்த்தால்தான் தெரியும்.

சளிக்குத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் இதில் சேர்த்திதான். சின்னக் குழந்தைக்குத் தோல் வழியாகவும் ஏறும். கடையில் வாங்கும் தைல டப்பாவிலேயே 2 வயதுக்குக் கீழே கூடாது என்று போட்டிருப்பான், பொடி எழுத்தில்.

அடுத்தது தண்ணீர் பாட்டில். மண்ணெண்ணெய், டர்பெண்டைன், பெயிண்ட் தின்னர், தரை துடைக்கிற பினாயில், பாத்ரூம் ஆசிட் எல்லாவற்றையும் காலி தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வைக்கிற பழக்கம் நமக்கு. தெருவில் சைக்கிளில் வருகிறவரிடம் பினாயில் வாங்கினால் அவரே அப்படித்தான் தருகிறார். ஒரு வயதுப் பிள்ளை லேபிள் படிக்காது, மூடி பார்த்துத்தான் திறக்கும்.

மாமாவின் தூக்குவாளியைப் பற்றி மருந்துக்கடைக்காரர் யாராவது வந்து சொல்லட்டும். எனக்கு டூட்டி இருக்கிறது.

---

தென்னந்தோப்பு (பொள்ளாச்சி)

ஏனுங்க, நாங்கெல்லாம் வளரலீங்களா? எங்க ஆத்தா எட்டுப் பேரை வளத்துச்சு. வீடு பூரா கற்பூரமும் மண்ணெண்ணெயும் பூச்சி மருந்தும்தான். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை. பொருளை ஒளிச்சு வெச்சா பிள்ளைக்கு எப்பத் தெரியும் எது ஆகாதுன்னு? ஒரு தடவை கண்ணை உருட்டி மிரட்டினாப் போதும்.

அப்படியே எதையாவது முழுங்கிட்டா, உப்பைக் கரைச்சு ஒரு டம்ளர் ஊத்துனா மொத்தமும் வெளியே வந்துடும். இதுக்குப் போயி இவ்வளவு பயம்.

---

வைகாசி_விசாகம்

> ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலை

ஆனவர்கள் இங்கே வந்து எழுத மாட்டார்கள் சார்.

---

மருந்துக்கடை_தம்பி (திருச்சி)

தூக்குவாளி விஷயத்துக்கு வருகிறேன். நடைவண்டி அக்கா, என்னைக் கேட்டால் கற்பூரத்தோடு சேர்த்து இதையும் முதல் நாளே பேசுங்கள்.

சுகர் மாத்திரையில் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை இருந்தால் ஒரே ஒரு மாத்திரை போதும், பிள்ளையின் சர்க்கரை தரைக்கு இறங்கிவிடும். உடனே இறங்காமல் பல மணி நேரம் கழித்தும் இறங்கலாம். அதனால்தான் பிள்ளை நன்றாக விளையாடினாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்க்கிறார்கள். மதியம் விழுங்கியதை யாரும் கவனிக்காமல் இரவு தூங்கவைத்தால், அது தூக்கமா மயக்கமா என்று எப்படித் தெரியும்? பிரஷர் மாத்திரையில் அம்லோடிபின் வகையும் அப்படியே. ஒன்றிரண்டு மாத்திரைக்கே பயப்பட வேண்டும்.

இன்னொன்று, கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. பிரசவம் முடிந்தும் பாதி அட்டை மிச்சம் கிடக்கும். பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். இது வயிற்றைப் புண்ணாக்கி வாந்தி வரவைக்கும். பிறகு சரியாகிவிட்டது போலத் தெளியும், அதற்குப் பிறகுதான் ஈரலைப் பிடிக்கும்.

மாத்திரை டப்பாவில் பெரியவர்கள் சொல்கிற ஒரு நியாயம் உண்டு: "மேலே வைத்தால் எனக்கு மறந்துபோகும், மூடி இறுக்கமாக இருந்தால் திறக்க வராது." அது உண்மைதான். அதனால் பூட்டச் சொல்லாதீர்கள். மாமாவின் தோள் உயரத்தில், அவர் தினமும் நிற்கிற இடத்தில், கண்ணாடி மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பையைத் தொங்கவிடுங்கள். அவருக்கும் மறக்காது, பிள்ளைக்கும் எட்டாது.

இதோடு பாராசிட்டமாலையும் சொல்லிவிடுகிறேன். கடையில் தினமும் நான் பார்க்கிற குழப்பம் இது. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு அதிகபட்சம் 15 மில்லிகிராம். 10 கிலோ பிள்ளைக்கு 150. ஆனால் 5 மில்லிக்கு 120 உள்ள சிரப் இருக்கிறது, 250 உள்ளது இருக்கிறது, மில்லிக்கு 100 உள்ள சொட்டு மருந்து வேறு. அதே பிள்ளைக்கு முதலாவதில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லிதான். "போன தடவை 6 மில்லி கொடுத்தோம்" என்று சொட்டு மருந்தில் 6 மில்லி ஊற்றினால் நான்கு மடங்கு. அளவை மில்லியில் ஞாபகம் வைக்காதீர்கள், மில்லிகிராமில் வையுங்கள். சமையல் ஸ்பூன் வேண்டவே வேண்டாம்.

---

வார்டு_அக்கா

> உப்பைக் கரைச்சு ஒரு டம்ளர் ஊத்துனா

தென்னந்தோப்பு அண்ணா, உங்க மேல மரியாதை உண்டு. ஆனா இதை மட்டும் இங்கே யாரும் படித்துவிட்டுச் செய்துவிடக் கூடாது என்பதால் அழுத்திச் சொல்கிறேன். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், தொண்டைக்குள் விரல் எதுவும் கூடாது.

மண்ணெண்ணெய் வயிற்றில் இருக்கும்போது செய்கிற கேடு கொஞ்சம்தான். நுரையீரலுக்குள் போனால்தான் ஆள் போகிறது. அது இலேசாக வழுக்கிக்கொண்டு பரவும். வாந்தி எடுக்கும்போது ஒரு வாய் புரையேறினால் போதும், நிமோனியா. இருமல், மூச்சு இழுப்பு இல்லையென்றாலும் 6 மணி நேரமாவது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கிறோம்.

ஆசிட்டும் காஸ்டிக் சோடாவும் போகும்போது ஒரு தடவை உணவுக்குழாயை எரிக்கும், வாந்தியில் திரும்பி வரும்போது இன்னொரு தடவை எரிக்கும். கற்பூரம் தின்ற பிள்ளைக்கு விரலை விடும் நேரத்தில் வலிப்பு வந்தால்? உப்பே தனி விஷம் அண்ணா. ரத்தத்தில் சோடியம் ஏறி மூளை பாதித்துச் செத்த குழந்தைகள் மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஒரு காலத்தில் அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வாந்தி எடுக்க வைக்கிற மருந்தை வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். 2003-இல் அங்கே குழந்தை மருத்துவர்கள் சங்கமே அதை வேண்டாம் என்று நிறுத்திவிட்டது.

உமிக்கரி, கருக்கிய ரொட்டி கொடுக்கலாமா என்று அடுத்து யாராவது கேட்பீர்கள். நாங்கள் கொடுப்பது அதற்கென்று பதப்படுத்திய கரி. அதுவும் மண்ணெண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் இரும்பு மாத்திரைக்கும் பயன்படாது.

செய்ய வேண்டியது சின்னது. வாயில் மிச்சம் இருந்தால் வழித்துத் துடைத்து எடுங்கள். துணியில் பட்டிருந்தால் கழற்றி, தோலைக் கழுவுங்கள். நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108. மற்றபடி கிடைத்த வண்டியில் கிளம்புங்கள். பாட்டிலையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். "ஏதோ வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் எங்களுக்குப் பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது. அட்டையில் எத்தனை காலி என்று எண்ணினாலே பெரிய உதவி.

---

தென்னந்தோப்பு

செரீங்க. மண்ணெண்ணெய் விசயம் எனக்குப் புதுசு. ஆனா பிள்ளையை மிரட்டி வளக்கோணும்ங்கறதை நான் விடறதா இல்லை.

---

வைகாசி_விசாகம்

மிரட்டலாம் சார், மூணு வயசுக்கு மேலே. ஒரு வயசுக் குழந்தைக்கு "தொடாதே" என்றால் அது ஒரு விளையாட்டு. நம் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தொடும்.

---

பனங்கொட்டை (யாழ்ப்பாணம்)

இஞ்சையும் இதே கதைதான். நான் வீட்டுக்குள்ளை மட்டுமில்லை, முத்தத்தையும் பாக்கச் சொல்லுவன். எங்கட பக்கம் வேலியோரம் எல்லாம் மஞ்சள் அலரி நிக்கும். அந்தக் கொட்டை இதயத்துடிப்பைக் குழப்பிப்போடும். பிள்ளையள் சோறு கறி வைச்சு விளையாடேக்கை அதைத்தான் பொறுக்கி "கறி" வைக்கிறவை. அலரி நிண்டால் பிள்ளை வளருமட்டும் வெட்டி விடுங்கோ, திரும்பத் தழைக்கும்.

இலங்கையிலை இருந்து வாசிக்கிற ஆக்களுக்கு: ஆம்புலன்சுக்கு 1990. காசில்லை.

---

வார்டு_அக்கா

நல்ல நேரத்தில் சொன்னீர்கள். அதுதான் எங்க ஊர் மஞ்சள் அரளி. காட்டாமணக்குக் கொட்டையும் ஆபத்துதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வேர்க்கடலை மாதிரி உடைத்துத் தின்றுவிட்டு வரிசையாக வாந்தியோடு வருவார்கள். குன்றிமணி இன்னொன்று. களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க வாங்குகிறோமே, அதேதான். முழுசாக விழுங்கினால் தோல் கெட்டி என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். கடித்துவிட்டால், அல்லது மாலை கோக்க ஓட்டை போட்டதாக இருந்தால், சமாசாரம் வேறு. சதுர்த்தி முடிந்து பிள்ளையாரைக் கரைக்கும் முன்பு கண்ணை எடுத்து எண்ணிப் போடுங்கள்.

எங்க கொங்குப் பக்கத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை. வாசல் தெளிக்கிற சாணிப்பவுடர். பேரில்தான் சாணி இருக்கிறது. மஞ்சள் பொடி ஆரமைன், பச்சைப் பொடி மாலகைட் கிரீன், இரண்டும் சாயம். வலிப்பு, நினைவிழப்பு வரை கொண்டுபோகும். அந்தப் பாக்கெட்டைக் கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்காத வீடு குறைவு.

---

மூன்றாம்_மாடி (சென்னை)

எலி மருந்தை யாரும் சொல்லவில்லையே? அபார்ட்மெண்டில் எலித் தொல்லை, ஆள் வைத்து மருந்து போடலாம் என்று பேச்சு. 2024 நவம்பரில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலி மருந்து வைத்துவிட்டு ஏசி போட்டுத் தூங்கி இரண்டு குழந்தைகள் இறந்த செய்தி வந்ததிலிருந்து என் மனைவி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறாள்.

---

வார்டு_அக்கா

உங்கள் மனைவி பக்கம்தான் நான்.

எலி மருந்தில் பல ரகம். பாஸ்பைடு வகை மாத்திரையோ பொடியோ காற்றின் ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற விஷ வாயுவை விடும். அது தானியக் கிடங்குக்கானது. ஆள் தூங்குகிற வீட்டுக்குள் வரவே கூடாது. யாராவது வந்து "ரெண்டு நாள் கதவைச் சாத்தி வையுங்க, அப்புறம் ஒண்ணும் ஆகாது" என்றால் மருந்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பெயர் சொல்லாவிட்டால் வெளியே அனுப்பிவிடுங்கள்.

டியூபில் வருகிற எலிப் பசை மஞ்சள் பாஸ்பரஸ். தமிழ்நாட்டில் விற்பனைக்குத் தடை போட்டாகிவிட்டது, ஆனாலும் பழைய டியூப் பரண்மேல் கிடக்கலாம். பார்க்கப் பல் விளக்குகிற பேஸ்ட் மாதிரியே இருக்கும். இதில் ஏமாற்றுவது நடுவில் வருகிற நாள்தான். முதலில் வாந்தி, பிறகு ஒன்றிரண்டு நாள் பிள்ளை எழுந்து ஓடும், சாப்பிடும். வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுகிறோம் என்று கையெழுத்துப் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை, ஈரல் செயலிழப்பு. முறிமருந்து கிடையாது. நாக்கில் பட்டிருக்குமோ என்ற சந்தேகம் இருந்தாலே கொண்டு வந்துவிடுங்கள், பிள்ளை எவ்வளவு தெளிவாக இருந்தாலும்.

எலிக்கு நல்ல பொறி வாங்குங்கள். வடிகால் வாய்க்கு வலை அடியுங்கள்.

---

கடைசி_பெஞ்ச்

செருப்பு ஜோக் அடித்தவன் நான். இப்போது எழுந்து போய் ரிமோட்டைப் பார்த்தேன். பின்மூடி இல்லை, ரப்பர் பேண்ட்தான். பொம்மையில் வருகிற வட்ட பேட்டரி பற்றி யாராவது சொல்லுங்கள்.

---

மருந்துக்கடை_தம்பி

காசு மாதிரி இருக்கிற லித்தியம் பேட்டரி, 20 மில்லிமீட்டர் அகலம், அதுதான் மோசம். பலர் நினைப்பது போல உள்ளே இருக்கிற ரசாயனம் கசிவதால் இல்லை. உணவுக்குழாயின் ஈரச் சதையில் ஒட்டியதும் மின்சாரம் பாய்ந்து அந்த இடத்திலேயே சதையை அரிக்கிற காரம் (ஆல்கலி) உண்டாகிறது. 2 மணி நேரத்தில் ஆழமாகப் புண்ணாக்கிவிடும். ரிமோட் ஓடாத அளவுக்குத் தீர்ந்த பேட்டரியிலும் அதற்குப் போதுமான சக்தி மிச்சம் இருக்கும்.

பிள்ளை திடீரென்று எச்சில் வடித்து, சோறு வேண்டாம் என்று அழுதால், வீட்டில் ஒரு பேட்டரி காணாமல் போயிருந்தால், எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளை என்றால் வழியில் 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. விழுங்கி 12 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேண்டாம். தேன் தேடிக் கடைக்கு ஓடி நேரத்தைக் கழிக்காதீர்கள். வேறு சோறு, பால் எதுவும் தரக் கூடாது.

ரப்பர் பேண்ட் வேண்டாம் அண்ணே, செல்லோடேப் சுற்றுங்கள்.

---

சிவகாசி_பாட்டி

எல்லாரும் விஷயம் சொல்லிட்டீங்க. அந்தப் பொண்ணு கேட்டது மாமியாரிடம் எப்படிப் பேசுறதுன்னு. நான் மாமியார். சொல்றேன்.

பட்டியல் எடுத்துட்டு வராதேம்மா. "ஆன்லைன்ல படிச்சேன்" என்று ஆரம்பிச்சாலே காது அடைச்சுடும். நீ கிளம்புறதுக்கு முந்தின வாரமே போய், பிள்ளையைத் தரையில் இறக்கி விட்டுட்டு, அத்தை பக்கத்திலேயே உட்காரு. அது எங்கெல்லாம் போகுது, எதையெல்லாம் இழுக்குதுன்னு ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. அரை மணி நேரத்தில் உங்க அத்தையே எழுந்து பாதிச் சாமானைத் தூக்கி மேலே வைப்பாங்க. சாமி அலமாரியை மாத்தச் சொல்லாதே. கற்பூரம், விளக்கெண்ணெய், தீப்பெட்டி மூணுக்கும் ஒரு மூடி போட்ட பித்தளைச் சம்படம் வாங்கிட்டுப் போய்க் கொடு, மேல்தட்டில் வைக்கட்டும். கல்கண்டு வேற டப்பா.

பேரப்பிள்ளைக்கு ஒண்ணு ஆகிடுச்சுன்னா ஊர் முதல்ல கிழவியைத்தான் சொல்லும். அது எங்களுக்கும் தெரியும்.

---

நடைவண்டி

பாட்டி, இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். நன்றி. இந்த ஞாயிற்றுக்கிழமை போகிறோம். சம்படமும் மாத்திரைப் பையும் வாங்கிவிடுகிறேன். பினாயில் பாட்டிலைக் கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார், அது அவர் வாங்கி வருவதுதான்.

ஒரு சந்தேகம் மட்டும். நாங்கள் இல்லாத நேரத்தில் அத்தை யாரைக் கூப்பிடுவது? 108 தெரியும். போகலாமா வேண்டாமா என்று குழப்பமாக இருந்தால்?

---

மருந்துக்கடை_தம்பி

டெல்லி எய்ம்ஸில் தேசிய விஷத் தகவல் மையம் இருக்கிறது. 1800 116 117. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும். இந்தி அல்லது ஆங்கிலம் பேச வேண்டியிருக்கலாம், அதனால் அத்தை உங்களைக் கூப்பிட, நீங்கள் அவர்களைக் கூப்பிடுவதுதான் நடக்கும். தமிழில் பொதுவான ஆலோசனைக்கு 104. பிள்ளைக்கு வலிப்போ மூச்சுத் திணறலோ இருந்தால் இந்த எண்களெல்லாம் வேண்டாம், 108 மட்டும்.

---

புதுக்குடித்தனம்

தலைப்புக்குக் கொஞ்சம் வெளியே: எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைக்கும்போது குழந்தை மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்கிறார்கள். அதுவும் ஆபத்தா?

---

வார்டு_அக்கா

ஆமாம், விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராமல் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் நிமோனியா என்றே தனியாக ஒன்று உண்டு. தலைக்கும் உடம்புக்கும் தேயுங்கள், மூக்கையும் காதையும் விட்டுவிடுங்கள். வாயால் ஊதிச் சளி எடுப்பதும் வேண்டாம்.

---

நெறியாளர்

எண்ணெய்க் குளியல், உரைமருந்து, வசம்பு பற்றிய கேள்விகளுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கலந்தால் அவசரத்தில் தேடுகிறவருக்குக் கிடைக்காது. உப்புத் தண்ணீர் யோசனை உள்ள பதிவை நீக்கவில்லை, கீழே பதில் இருப்பதால். மேலே எச்சரிக்கை மட்டும் சேர்க்கிறேன்.

---

தென்னந்தோப்பு

சேத்துக்குங்க, எனக்கொண்ணும் இல்லை. நான் ஒண்ணு கேக்கறேன். எங்கம்மிணி வெத்தலை போடும். சுண்ணாம்பு பாக்கெட்டைப் பேரன் அமுக்கி விளையாடறான். அது வயித்துக்குப் போனா என்னங்க?

---

வார்டு_அக்கா

வயிற்றைவிடக் கண்ணுக்குத்தான் பயப்பட வேண்டும் அண்ணா. பிளாஸ்டிக் பாக்கெட்டை அமுக்கும்போது பீய்ச்சிக்கொண்டு நேராகக் கண்ணுக்குள் போகும். காரம், கருவிழியை வெந்துபோக வைத்துவிடும். பட்டால் அந்த நொடியே குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் ஓட விடுங்கள். பிள்ளை கத்தும், விட்டுவிடக் கூடாது. இமைக்குள் வெள்ளைத் துணுக்கு தெரிந்தால் ஈரத்துணி முனையால் எடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவி முடித்த பிறகு கண் ஆஸ்பத்திரி.

அம்மிணியைப் பழையபடி திருகு மூடி போட்ட சுண்ணாம்பு டப்பிக்கு மாறச் சொல்லுங்க.